காதுக்கு ஒரு தராசு



உங்கள் ஊர் மாரியம்மன் கோயில் நோம்பிக்கு உறவினர் எல்லோரும் வந்திருக்கிறார்கள். உங்கள் அம்முச்சி திண்ணையில் அமர்ந்து, தாம் இளம் வயதில் கற்ற கும்மிப் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பாடுகிறார். பள்ளி அறிவியல் மன்றத்துக்காக நீங்கள் ஒரு வலையொலி நிகழ்ச்சி, அதாவது பாட்காஸ்ட், தயாரிக்க எண்ணியிருக்கிறீர்கள். உடனே மைக்கை நீட்டி ஒரு மணி நேரப் பாட்டைப் பதிவு செய்துகொள்கிறீர்கள். இரவு வீட்டில் போட்டுக் கேட்டால் பெரும் ஏமாற்றம்! பாட்டின் அடியில் 'கொர்' என்ற இரைச்சல் விடாமல் ஓடுகிறது. அம்முச்சி கையை அசைத்தபோதெல்லாம் சேலை மைக்கில் உரசி, அடிகள் பாதி பாதியாக மறைந்துபோயிருக்கின்றன.

இன்னொரு நாள் பாடச் சொல்லலாம்தான். ஆனால் அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சென்ற ஆண்டு நினைவிருந்த பாட்டு இந்த ஆண்டு நினைவில் இல்லை. சில ஒலிகள் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் கிடைக்கின்றன.

பதிவு நடக்கும்போதே அந்த இரைச்சல் நமக்கு ஏன் கேட்கவில்லை? நம் மூளை ஒரு கெட்டிக்காரக் காவல்காரன். மின்விசிறியின் ஓசை, பக்கத்து வீட்டு மோட்டார் ஓசை ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, நாம் விரும்பும் குரலை மட்டும் உள்ளே அனுப்பும். மைக்குக்கு மூளை கிடையாது. அது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். ஆகவே பதிவு செய்பவர் தம் காதால் கேட்டால் போதாது. மைக் என்ன கேட்கிறதோ அதைக் கேட்க வேண்டும். அதற்குத்தான் ஹெட்போன் தேவைப்படுகிறது.

நம் ஊர் ஒலிப்பதிவுக் கூடங்கள்

ஒலிப்பதிவு என்றாலே சென்னைதான் பலர் நினைவுக்கு வரும். ஆனால் கோயம்புத்தூரும் ஒருகாலத்தில் படத்தொழிலில் புகழ்பெற்ற நகரமாக விளங்கியது. 1930களில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ எழுந்தது. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) அங்கேதான் உருவாயிற்று. ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோ தந்த 'மலைக்கள்ளன்' (1954) ஆறு மொழிகளில் எடுக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டு கோவை வானொலி நிலையம் தொடங்கியது.

இத்தகைய கூடங்களில் ஒலிப்பதிவாளரின் வேலை பாட்டை ரசிப்பதன்று, குற்றம் கண்டுபிடிப்பது. தொலைவில் காக்கை கரைந்தாலும், நாற்காலி கிறீச்சிட்டாலும் அவர் கை உயர்த்தி நிறுத்திவிடுவார். அன்று பெரிய கட்டடமும் பல பேர் உழைப்பும் தேவைப்பட்ட இந்தப் பணியை இன்று ஒரு செல்பேசியையும் மைக்கையும் கொண்டு ஒரு மாணவரே செய்துவிடலாம். ஆனால் குற்றம் கண்டுபிடிக்கும் காது மட்டும் அன்றைப் போலவே இன்றும் வேண்டும்.

மின்சாரம் ஒலியாகும் விதம்

ஹெட்போனைப் பிரித்தால் உள்ளே மூன்று முக்கிய உறுப்புகள் இருக்கும். ஒரு நிலைக்காந்தம், அதன் இடைவெளியில் நிற்கும் மெல்லிய கம்பிச் சுருள், அச்சுருளோடு ஒட்டப்பட்ட மென்தகடு. சுருளில் மின்னோட்டம் பாயும்போது அது தானே ஒரு காந்தமாகி, நிலைக்காந்தத்தால் தள்ளவும் இழுக்கவும் படுகிறது. மின்னோட்டம் திசை மாறினால் அசைவும் திசை மாறும். சுருள் அசைய, தகடு அசைய, காற்று அசைய, உங்கள் செவிப்பறை அசைகிறது. இதைத்தான் ஒலி என்கிறோம்.

மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளைக் கேட்கும். காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே 20 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 17 மீட்டர். 20,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 1.7 செ.மீ. மட்டுமே!

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். ஒரு பேருந்தைவிட நீளமான அலையை 4 செ.மீ. அகலமுள்ள தகடு எப்படி உண்டாக்குகிறது? அந்தத் தகட்டைத் திறந்த வெளியில் பிடித்தால் அதனால் முடியாது. முன்புறம் அழுத்திய காற்று பின்புறத்துக்கு நழுவிவிடும். ஆனால் ஹெட்போனின் மெத்தை காதைச் சுற்றி நன்றாகப் பொருந்தும்போது, தகட்டுக்கும் செவிப்பறைக்கும் நடுவே சிறிதளவு காற்று சிறைப்படுகிறது. அந்தக் காற்றை நேரடியாக அழுத்தினால் போதும், தாழ்ந்த ஒலியும் கேட்டுவிடும். மெத்தையில் ஓர் இடைவெளி விழுந்தால் முதலில் மறைவது பறையின் அடியொலிதான். மூக்குக்கண்ணாடியின் காம்புகூட இந்த இடைவெளியை உண்டாக்கிவிடும். கண்ணாடி அணிபவர்கள் அதை அணிந்துகொண்டே ஹெட்போனைச் சோதிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

நல்ல தராசு எது?

ஈரோட்டு மஞ்சள் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தராசு 1 கிலோவை 1 கிலோ 200 கிராம் என்று காட்டுகிறது. அதை நம்பி எடை போடுபவர், அதிகமாக இருப்பதாக எண்ணி மஞ்சளை எடுத்துவிடுவார். வாங்கியவர் சரியான தராசில் போட்டுப் பார்த்தால் எடை குறையும். மஞ்சளிலும் குற்றமில்லை, போட்டவரிடமும் குற்றமில்லை. குற்றம் தராசில் இருக்கிறது.

கடைகளில் விற்கும் ஹெட்போன்களில் பல, பாட்டுக் கேட்பவரை மகிழ்விப்பதற்காகத் தாழ்ந்த ஒலியை வேண்டுமென்றே கூட்டித் தருபவை. கேட்பதற்கு அது இனிமைதான். ஆனால் அதை அணிந்துகொண்டு நீங்கள் ஒரு பாட்டைச் சீர்செய்தால் என்ன ஆகும்? பறையொலி அதிகம் என்று எண்ணி அதைக் குறைப்பீர்கள். அந்தப் பாட்டை மற்றவர்கள் தங்கள் வீட்டில் கேட்கும்போது பறை, தகரத்தைத் தட்டியது போல ஒலிக்கும்.

ஒலிப்பதிவுக் கூடத்து ஹெட்போன், கூட்டாமலும் குறைக்காமலும் உள்ளதை உள்ளபடி காட்ட முயலும் தராசு. முற்றிலும் நேரான ஹெட்போன் உலகில் எதுவும் இல்லை. ஆனால் விலகல் சிறிதாகவும், நமக்குப் பழகியதாகவும் இருந்தால் வேலை நடக்கும். அது அழகாக ஒலிக்க வேண்டும் என்பதில்லை. பிழையைப் பிழையாகக் காட்டினால் போதும்.

மூடியதா, திறந்ததா?

1910ஆம் ஆண்டு அமெரிக்காவைச் சேர்ந்த நத்தேனியல் பால்ட்வின் தம் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன்களை உருவாக்கி அந்நாட்டுக் கடற்படைக்கு விற்றார். அதன்பின் பல்லாண்டுகள் ஹெட்போன் என்றாலே பின்புறம் மூடிய கிண்ணமாகத்தான் இருந்தது. 1968ஆம் ஆண்டு ஜெர்மனியின் சென்ஹெய்சர் நிறுவனம் ஹெச்.டி. 414 என்ற ஹெட்போனை வெளியிட்டது. அதன் பின்புறம் திறந்திருந்தது. இன்று இவ்விரு வகைகளுமே பயன்படுகின்றன. அவற்றின் வேலைகள் வேறு.

மூடிய வகையில் உள்ளொலி வெளியே கசியாது. வெளியொலியும் எளிதில் உள்ளே நுழையாது. பாடகர் ஒருவர் தாளத்தை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே மைக் முன் பாடுகிறார் என்று கொள்வோம். திறந்த வகையானால் அந்தத் தாளம் கசிந்து மைக்கில் விழுந்துவிடும். பிறகு அதை நீக்குவது பாலில் கலந்த தண்ணீரைப் பிரிப்பது போலத்தான். ஆகவே பதிவு செய்யும்போது மூடிய வகையே ஏற்றது. 1991இல் வெளிவந்த சோனியின் எம்.டி.ஆர். 7506 இவ்வகையைச் சேர்ந்தது; உலகெங்கும் வானொலி, தொலைக்காட்சிக் கூடங்களில் இடம்பிடித்தது.

திறந்த வகையில் தகட்டின் பின்புற ஒலி கிண்ணச் சுவரில் மோதித் திரும்பாமல் வெளியேறிவிடுகிறது. அதனால் எதிரொலிப்புக் குறைந்து, ஒலி விரிந்து பரந்து கேட்கிறது. காதும் புழுங்காது. அமைதியான அறையில் அமர்ந்து, பதிவு செய்த பல ஒலிகளை அளவாகக் கலக்கும் வேலைக்கு இது சிறந்தது. சோமனூர் விசைத்தறிக் கூடத்திலோ, காந்திபுரம் பேருந்து நிலையத்திலோ இதை அணிந்தால் பயனில்லை.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்? வலையொலி செய்யத் தொடங்கும் மாணவருக்கு மூடிய வகையே போதும். பதிவிலேயே கெட்டுப்போனதை எந்தக் கலவையாலும் மீட்க முடியாது அல்லவா?

பெட்டியின் மேலுள்ள எண்கள்

ஹெட்போன் பெட்டியில் மூன்று எண்களைக் காண்பீர்கள்.

முதலாவது, அதிர்வெண் எல்லை. '5 முதல் 35,000 ஹெர்ட்ஸ் வரை' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். இதைக் கண்டு மயங்காதீர்கள். அந்த எல்லைக்குள் ஒலி எத்தனை டெசிபெல் ஏறி இறங்குகிறது என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணால் பெரிய பயனில்லை. "பழனி முதல் ஊட்டி வரை சாலை உண்டு" என்று சொன்னால், சாலை மேடுபள்ளமின்றி இருக்கிறது என்று பொருளாகுமா?

இரண்டாவது, ஓம் கணக்கில் தரப்படும் மின்மறுப்பு. மூன்றாவது, 1 மில்லிவாட் திறனுக்கு எத்தனை டெசிபெல் ஒலி என்னும் உணர்திறன். இவ்விரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு சிறு கணக்குப் போடுவோம். உங்கள் செல்பேசி அரை வோல்ட் மின்னழுத்தம் தருவதாகக் கொள்க. ஒரே உணர்திறன், அதாவது 96 டெசிபெல், உடைய இரண்டு ஹெட்போன்கள் உள்ளன. ஒன்று 250 ஓம், மற்றது 32 ஓம்.

திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்மறுப்பால் வகுத்தால் கிடைப்பது. 0.25ஐ 250ஆல் வகுத்தால் 1 மில்லிவாட். ஆகவே ஒலி 96 டெசிபெல். 0.25ஐ 32ஆல் வகுத்தால் சுமார் 7.8 மில்லிவாட், ஒலி ஏறத்தாழ 105 டெசிபெல். ஒரே செல்பேசியில் 9 டெசிபெல் வேறுபாடு!

250 ஓம் கருவி மட்டமானது என்று இதற்குப் பொருளில்லை. அதன் சுருள் மிக மெல்லிய கம்பியால் பல சுற்றுகள் சுற்றப்பட்டது. போதிய மின்னழுத்தம் தரும் மிகைப்பி இருந்தால் அது நன்றாகவே இயங்கும். ஆனால் செல்பேசியிலோ சிறு பதிவுக்கருவியிலோ நேரே செருகுபவர்களுக்கு 32 முதல் 80 ஓம் வரை உள்ளதே வசதி. சில நிறுவனங்கள் ஒரே மாதிரியை 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாகவே விற்கின்றன. எதை வாங்குகிறோம் என்று பெட்டியைப் பார்த்து வாங்க வேண்டும்.

கம்பி எதற்கு?

"கம்பியில்லாத புளூடூத் ஹெட்போன் இருக்கையில் கம்பி எதற்கு?" என்று கேட்பீர்கள். புளூடூத் கருவி ஒலியைச் சுருக்கி, வானலையில் அனுப்பி, மறுபடியும் விரிக்க வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும். பல கருவிகளில் இந்தத் தாமதம் 0.1 முதல் 0.2 விநாடி வரை இருக்கும். மிகச் சிறிய நேரம்தானே என்று தோன்றும். 0.2 விநாடியை 340ஆல் பெருக்கிப் பாருங்கள். 68 மீட்டர் வருகிறது. அதாவது, விளையாட்டு மைதானத்தின் மறுகோடியில் ஒருவர் தட்டும் தாளத்துக்கு இங்கிருந்து நீங்கள் கும்மியடிப்பது போல! உங்கள் குரலே தாமதமாக உங்கள் காதில் விழுந்தால் நாக்குக் குழறிவிடும். பாட்டுக் கேட்க புளூடூத் போதும். பதிவு செய்யக் கம்பிதான் வேண்டும்.

கடையில் சோதிப்பது எப்படி?

கிராஸ்கட் சாலைக் கடைக்கோ வேறெங்கோ செல்லுமுன், உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு பதிவைச் செல்பேசியில் எடுத்துச் செல்லுங்கள். கொங்கு நாட்டு மாணவர்களுக்கு இயற்கையே ஒரு நல்ல சோதனைப் பதிவை அளித்திருக்கிறது. அதுதான் பெருஞ்சலங்கை ஆட்டம். பறையின் அடியொலி தாழ்ந்த அதிர்வெண்களைச் சோதிக்கும். காலில் கட்டிய பெரிய சலங்கைகளின் கலீர் ஒலி உயர்ந்த அதிர்வெண்களைச் சோதிக்கும். நடுவில் ஆட்டக்காரர்களின் குரல் இருக்கிறது. நல்ல ஹெட்போனில் இம்மூன்றும் தனித்தனியே தெரியும். பறை சலங்கையை விழுங்கினாலும், சலங்கை காதைக் குத்தினாலும் அதை வைத்துவிடுங்கள்.

அடுத்து ஒரு மனிதக் குரலைக் கேளுங்கள். 'ச', 'ஸ' ஒலிகள் சீறுகின்றனவா? 'ப' ஒலிக்கும்போது காற்று மைக்கில் மோதும் 'பொத்' என்ற ஓசை தெரிகிறதா? தெரிந்தால் நல்லது. அதைக் காட்டாத ஹெட்போன் உங்கள் பதிவின் பிழையை மறைத்துவிடும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. இரண்டை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே அளவு சத்தத்தில் ஒலிக்க வேண்டும். சத்தம் கூடினால் தாழ்ந்த ஒலிகளை நம் காது ஒப்புநோக்கில் அதிகமாக உணரும் என்பதை பெல் ஆய்வுக்கூடத்தின் பிளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினர். ஆகவே எது சற்றே உரக்க ஒலிக்கிறதோ அதுவே சிறந்தது என்று மனம் ஏமாந்துவிடும்.

பத்து நிமிடமாவது அணிந்திருங்கள். தலை வலிக்கிறதா, காது அழுந்துகிறதா என்று பாருங்கள். மெத்தையையும் கம்பியையும் தனியே மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முதலில் பழுதாவன அவைதாம்.

ஹெட்போன் சொல்லாதது

எவ்வளவு நல்ல ஹெட்போனுக்கும் ஓர் எல்லை உண்டு. அறையில் இரு ஒலிபெருக்கிகள் பாடினால், இடப்பக்க ஒலி இரு காதுகளிலும் விழும். ஹெட்போனில் அது இடக்காதில் மட்டுமே விழும். அதனால் ஹெட்போனில் மட்டுமே கேட்டுக் கலந்த பாட்டு, ஒலிபெருக்கியில் வேறுவிதமாகத் தோன்றலாம். வேலை முடிந்ததும் செல்பேசியின் சிறு ஒலிப்பானிலும், வீட்டு ஒலிபெருக்கியிலும், முடிந்தால் ஒரு காரிலும் போட்டுக் கேட்டுவிடுங்கள். செல்பேசியின் சிறு ஒலிப்பான் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைக் காட்டவே காட்டாது. பள்ளி ஆண்டு விழாவின் பெரிய ஒலிபெருக்கியில்தான் அது திடீரென்று உறுமும்!

மாற்றித் தர முடியாத கருவி

ஹெட்போன் பழுதானால் வேறு வாங்கலாம். அதைவிட நுட்பமான கருவி ஒன்று உங்கள் தலையின் இருபுறமும் இருக்கிறது. உட்செவியின் நத்தை எலும்பில், ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 உணர்மயிர்ச் செல்கள் உள்ளன. ஒலியதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுபவை அவையே. பேரொலியால் அழிந்த செல்கள் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை.

பல ஆண்டுகள் விசைத்தறிக் கூடத்தில் உழைத்த பெரியவர்களிடம் சற்று உரக்கப் பேச வேண்டியிருப்பதை நம்மூரில் கவனித்திருப்பீர்கள். தறியின் ஓசையை அவர்கள் விரும்பி ஏற்கவில்லை; பிழைப்புக்காக ஏற்றார்கள். நாமோ அதே அளவு ஒலியை விலை கொடுத்து வாங்கிக் காதில் மாட்டிக்கொள்கிறோம்!

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட நெறி, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபெல், சிறுவர்களுக்கு 75 டெசிபெல் என்று வரம்பு சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். உங்களுக்கு 75இல் 40 மணி என்றால், 78இல் 20, 81இல் 10, 84இல் 5, 87இல் இரண்டரை, 90இல் ஒன்றேகால் மணி. மேலே கணக்கிட்ட 105 டெசிபெல் நினைவிருக்கிறதா? அதற்கு ஒரு வாரம் முழுவதற்கும் இரண்டரை நிமிடம்கூடக் கிடைக்காது.

இரைச்சல் மிக்க இடத்தில் ஆபத்து இன்னும் அதிகம். வெளி ஓசையை மிஞ்சுவதற்காகக் கை தானே ஒலியைக் கூட்டிவிடும். அங்கே நன்றாக மூடும் ஹெட்போன் வேலைக்கு மட்டுமன்றி, காதுக்கும் பாதுகாப்பாகும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி வைத்துக் காதுக்கு ஓய்வு கொடுங்கள். கழற்றிய பின் காதில் 'ங்ஙொய்' என்று ஒலித்தால், காது எச்சரிக்கிறது என்று கொள்ளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஏதேனும் ஒரு ஹெட்போனை அணிந்து, பறையொலி உள்ள பாட்டை மெதுவாக ஒலிக்கவிடுங்கள். மெத்தைக்கும் கன்னத்துக்கும் இடையே ஒரு பென்சிலைச் செருகுங்கள். அடியொலி மறைவதையும், எடுத்தால் திரும்புவதையும் காண்பீர்கள். பிறகு நண்பரின் ஹெட்போனில் பாட்டை ஒலிக்கவிட்டு, அதன் முன் செல்பேசியால் பதிவு செய்து, எவ்வளவு கசிகிறது என்று பாருங்கள். உங்கள் வகுப்பிலுள்ள எல்லா ஹெட்போன்களையும் இவ்வாறு சோதித்து ஓர் அட்டவணை தயாரிக்கலாம்.

2024ஆம் ஆண்டு கோவை மாவட்டத்தைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவரைப் போல விருது பெறாத எத்தனையோ கலைஞர்கள் நம் சிற்றூர்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருக்கலாம். அடுத்த நோம்பிக்கு மைக்கை நீட்டுமுன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு நிமிடம் அமைதியாகக் கேளுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். சேலை உரசாத இடத்தில் மைக்கை வையுங்கள். பிறகு, "பாடுங்க அம்முச்சி" என்று சொல்லுங்கள்.